நமுத்துப்போதல்: பினாங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஐயா, தீபாவளி முறுக்கு நமுத்துப்போயிற்று என்றேன். என் மகள் அதன் பொருளைக் கேட்கிறாள். எப்படி விளக்குவது?

பதில்: காய்ந்து மொறுமொறுப்பாக இருக்க வேண்டிய பொருள், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஒடியும் தன்மையை இழந்து வளையும் நிலைக்கு வந்துவிடுவதே நமுத்துப்போதல். முறுக்கு, அப்பளம், பொரி, பிஸ்கட் ஆகியவை அப்படி ஆகும். கடித்தால் ஓசை எழாமல் சவ்வுபோல் இழுபடும். முன்பு மொறுமொறுப்பாக இருந்ததுதான் நமுக்கும் என்பதே இச்சொல்லின் உயிர். ஆகவே சோறு நமுப்பதில்லை, ஊசிப்போகிறது. ரொட்டித் துண்டு நமுப்பதில்லை, நாள்பட்டால் விறைத்துப்போகிறது. ஆங்கிலம் பழைய ரொட்டியையும் பழைய பிஸ்கட்டையும் 'ஸ்டேல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஒன்று இறுகுவதையும் மற்றொன்று தளர்வதையும் தமிழ் பிரித்தே பார்க்கிறது. தீக்குச்சியும் நமுக்கும் என்பதால், இது சுவையைக் குறிக்கும் சொல்லன்று என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): நமுத்து, நமத்து, எது சரி?

பதில்: இரண்டும் வழக்கில் உள்ளன. உங்கள் வீட்டு வழக்கையே எழுதுங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): சாம்பாரில் போட்ட வடை நமுத்துவிட்டது எனலாமா?

பதில்: கூடாது. நீர்மத்தில் கிடந்து மென்மையாவது ஊறுதல். காற்றின் ஈரம் ஏறித் தளர்வதே நமுத்தல். இவ்விரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): நாங்கள் 'லெமாவ்' என்றே சொல்கிறோம். பள்ளிக் கட்டுரையில் எழுதலாமா?

பதில்: மலாய்ச் சொல்லான லெமாவ் ஏறத்தாழ இதே பொருளைத் தருகிறது. மொறுமொறுப்பு இழந்த பிஸ்கட்டை மலாயில் 'மாசுக் ஆங்கின்', அதாவது காற்றுப் புகுந்தது, என்றும் சொல்வார்கள். நம் பாட்டிமாரும் 'காற்றுப் பட்டு நமுத்துப்போச்சு' என்றே சொன்னார்கள். ஈரக்காற்றோடு வாழும் இரு மக்கள் ஒரே காரணத்தைக் கண்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கட்டுரையில் மட்டும் தமிழ்ச் சொல்லையே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது கிட்டாது.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): ஐயா, லெமாவ் என்பதை வீட்டிலும் விலக்க வேண்டாமா? நீங்களே இடம் கொடுக்கலாமா?

பதில்: அண்டை வீட்டாரோடு பலகாரம் பகிரும்போது அவர்கள் மொழியில் பேசுவது நம் மொழிக்குக் கேடன்று. பிள்ளைகளிடம் நமுத்தல் என்ற சொல்லை ஒருமுறையும் சொல்லாதிருப்பதே கேடு. தடையைவிடப் புழக்கமே ஒரு சொல்லைக் காக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (நிபோங் தெபால்): 'மொறு' எனத் தனித்து எழுதலாமா?

பதில்: எழுத முடியாது. 'இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா' என்பது தொல்காப்பியம்.

கேள்வி (பாகான்): குழம்பில் தோய்ந்த ரொட்டி சானாய் நமுத்ததா?

பதில்: வடைக்குச் சொன்னதைப் படியுங்கள். அது ஊறியது.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): அப்படியானால் நமுத்த முறுக்கு கெட்டுவிட்டதா?

பதில்: நமுத்தல் வேறு, கெடுதல் வேறு. சிக்கு வாடையோ பூஞ்சையோ இல்லையெனில், வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். நன்றாக ஆறியபின் டின்னில் அடைத்தால் மொறுமொறுப்பு நிற்கும்.