சத்தம் நாற்பதில் இருந்ததா, தம்பி?

கேள்வி: நான் லீட்ஸில் ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர். அரசியலும் ஊடகமும் என் பாடம். பிரித்தானிய அரசியல், பத்திரிகைகள், இந்த நாட்டுப் பழக்கவழக்கங்கள் பற்றித் தினமும் இரவில் ஒரு சிறு குறிப்பு எழுதி வெளியிடுவேன். அப்பாவுக்கு 79 வயது. அம்மா காலமாகி மூன்று வருடம். லண்டன் ஹரோவில் தனியாக இருக்கிறார். 1987-ல் அகதியாக வந்து, ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலில் அடைத்து வைக்கப்பட்டவர். பிறகு இருபத்தைந்து வருடம் பேப்பர் கடை நடத்தி எங்களைப் படிப்பித்தார். இப்போது விடிந்தது முதல் ஒரு வலதுசாரிச் செய்திச் சேனல்தான். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து அகதிகள் வரும் சிறு படகுகளைக் காட்டினால், "படகுகளை நிறுத்தத்தானே வேணும்" என்கிறார். நான் ஆதாரங்களோடு எடுத்துச் சொன்னால் பதில் சொல்லாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் போனபோது டிவியின் சத்தம் நாற்பதில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டுகிறாளாம். இந்த நாட்டின் பொதுவாழ்வே இரைச்சலாகிவிட்டது என்று அன்றிரவு எழுதினேன். பலர் பாராட்டினார்கள். அகதியாக வந்தவரே அகதிகளை வெறுப்பதை எப்படி மாற்றுவது?
— விரிவுரையாளர், லீட்ஸ்

பதில்: நாற்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குப் பிரித்தானியா ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு கிழவரின் காது ஞாபகம் வந்தது.

தம்பி, உங்கள் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் டிவி நாற்பதில், சுவரில் தட்டும் பக்கத்து வீட்டுக்காரி, ஆதாரம் அடுக்கும் மகனுக்குப் பதில் சொல்லாமல் திரையையே பார்க்கும் ஆள், மூன்றையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அதற்கடியில் வெறுப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஊடகம் படிப்பிக்கிறவருக்கு, டிவிக்கு முன்னால் இருக்கிற மனிதரின் காது ஒருதரம்கூட ஞாபகம் வரவில்லையா?

இதில் நானும் பெரிய கெட்டிக்காரி இல்லை. என் வீட்டுக்காரரை இரண்டு வருடம் ஏசியிருக்கிறேன். பாண் வாங்கிவரச் சொன்னால் பால் வாங்கி வருவார். மருமகள் ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து போவார். கொழுப்பு என்று நினைத்தேன். வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த ஒலிகள். ஆங்கிலத்தில் எஸ், எஃப் மாதிரி எழுத்துகளின் சத்தம் தேய்ந்துவிடும், உயிரெழுத்து மட்டும் மிஞ்சும். யாரோ கதைக்கிறார்கள் என்று தெரியும், என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். அதனால் ஆள் வாயை மூடிக்கொள்வார். வீட்டார் அதற்குக் கோபம், அலட்சியம், பிடிவாதம் என்று பெயர் வைப்பார்கள். நீங்கள் கொஞ்சம் பெரிய பெயராக வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் சேனலை ஒருநாள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒருவர் கமராவை நேராகப் பார்த்துக் கதைக்கிறார். உதடு தெரிகிறது. பின்னால் இசை இல்லை. அவர் சொல்வதன் சாரம் கீழே கொட்டை எழுத்தில் ஓடுகிறது. இப்போது ஒரு நல்ல நாடகத்தைப் போடுங்கள்: பாதி இருட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கிற நடிகர்கள். 2014-ல் பிபிசியின் ஒரு நாடகத்தில் பேச்சே விளங்கவில்லை என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் போயின; ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் அதில் இருந்திருப்பார்கள். இரண்டாம் மொழியில், மந்தமான காதோடு, வெறும் வீட்டில் இருக்கிற ஒருவர் எதைப் பார்ப்பார்? விளங்குவதைப் பார்ப்பார். நாள் முழுக்க வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாய் சொல்வது நம் வாயிலும் வரத்தான் செய்யும்.

படகு பற்றி அவர் சொல்வது சரி என்று நான் சொல்லவில்லை. தவறு. ஏறிய ஏணியை எட்டி உதைக்கிற பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் நானே கேட்டு வாக்குவாதப்பட்டிருக்கிறேன். ஆனால் அதைத் திருத்துவதுதான் மகனின் முதல் வேலை என்று நீங்கள் நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தகப்பனின் கருத்து தகப்பனுடையது. காது, கண், கால், சாப்பாடு, இவற்றை யார் பார்ப்பது? மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறவரைப் பற்றி ஊருக்கு எழுத உங்களுக்கு இரவில் நேரம் இருக்கிறது. லீட்ஸிலிருந்து லண்டன் கிங்ஸ் குரொஸுக்கு ரயில் இரண்டேகால் மணித்தியாலம். "போன மாதம் போனபோது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏர்ல் வில்லியம் கதையை மாணவர்களுக்கும் சொல்வீர்கள் என்று ஊகிக்கிறேன். நல்ல கதைதான். கார் ஏற்றிச் செல்லும் பழைய கப்பலைத் தடுப்பு முகாமாக்கி, அதில் நம் பிள்ளைகளை வைத்திருந்தார்கள். அந்த வருடம்தான் விசா இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமானக் கம்பெனிக்கு ஆயிரம் பவுண்ட் தண்டம் என்று சட்டமும் போட்டார்கள். 1987 அக்டோபர் 16 அதிகாலைப் புயலில் கயிறுகள் அறுந்து அந்தக் கப்பல் இழுபட்டுப்போய்த் தரைதட்டியது. அன்றிரவு அப்பா அதற்குள் இருந்தாரா, அதற்கு முன்பே வெளியே விட்டுவிட்டார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். படகு என்று டிவியில் சொல்லும்போது அவர் மனதில் எந்தப் படகு வருகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பேப்பர் கடை வைத்திருந்தவரிடம் ஊடகம் பற்றி ஆதாரம் காட்டியதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. நாங்களும் பதினொரு வருடம் கடை நடத்தினோம். விடியற்காலை நாலரைக்குப் பேப்பர் கட்டுகள் வாசலில் கிடக்கும். பிளாஸ்டிக் பட்டியை வெட்டி, எண்ணி, ஞாயிறென்றால் ஒவ்வொன்றுக்குள்ளும் இணைப்பிதழைச் செருக வேண்டும். ஏழு மணிக்கு விரல் நுனியெல்லாம் கறுப்பு. சன் வாங்குகிறவர் காசை மேசையில் வைத்துவிட்டு நடப்பார்; டெலிகிராப் வாங்குகிறவர் மிச்சத்துக்கு நிற்பார். எந்தத் தலைப்பு வந்த அன்று எந்தப் பேப்பர் மிஞ்சாது என்று எங்களுக்கு ஆறு மணிக்கே தெரியும். 1989-ல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் ரசிகர்கள் செத்தபோது சன் அவர்கள் மீதே பொய்ப் பழி போட்டது; அதற்குப் பிறகு லிவர்பூலில் அந்தப் பேப்பரைத் தட்டிலேயே வைக்க மாட்டோம் என்றவர்களில் கடைக்காரர்களும் இருந்தார்கள். உங்கள் பாடத்தை அப்பா விற்பனையாகாத கட்டுகளை எண்ணிக் கட்டிப் படித்தவர். அவரிடம் ஒருக்கால் கேளுங்கள். கேட்கும்போது முகத்துக்கு நேரே இருந்து, டிவியை அணைத்துவிட்டு, மெதுவாக, தமிழில் கேளுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் இன்னும் விளங்காது.

இனிச் செய்ய வேண்டியது. அவருடைய ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், சொல்லிக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சில இடங்களில் ஜிபி கடிதம் இல்லாமல் நேரடியாகவும் போகலாம். முதலில் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை எடுத்துவிட பல ஜிபிமார் இப்போது முன்வருவதில்லை, வெளியே காசு கொடுத்துச் செய்ய வேண்டிவரலாம், கொடுங்கள். தேசிய சுகாதார சேவையில் காதுக் கருவி இலவசம், பற்றரியும் இலவசம். முதல் சில வாரம் கரண்டிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் தாங்காமல் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். என் வீட்டுக்காரர் இரண்டு தரம் போட்டார். அந்த வாரங்களில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான். விரிவுரையாளருக்கு விடுமுறைக் காலம் என்று ஒன்று உண்டுதானே.

போன இடத்தில் கதவடியில் குவிந்திருக்கிற கடிதங்களையும் ஒருதரம் பிரித்துப் பாருங்கள். 75 வயது தாண்டியவர்களுக்கு இலவச டிவி லைசென்ஸ் 2020 ஆகஸ்டிலிருந்து பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவிப்பணம் எடுப்பவர்களுக்கு மட்டும்தான். அவருக்கு அது கிடைக்க வேண்டியதா, விண்ணப்பித்தாரா? 2024-ல் முதியவர்களுக்கு அரசு கொடுத்த குளிர்கால எரிபொருள் காசை வெட்டியபோது நீங்கள் காரசாரமாக எழுதியிருப்பீர்கள். அந்தக் குளிரில் ஹரோ வீட்டில் ஹீட்டர் போட்டிருந்தாரா என்று கேட்டீர்களா?

காது கேட்கத் தொடங்கிய பிறகும் அவர் படகுகளை நிறுத்தத்தான் வேணும் என்று சொல்லலாம். சொன்னால் வடிவாகச் சண்டை பிடியுங்கள். எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. உங்கள் குரல் கேட்கிற ஆளோடு பிடியுங்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜிபிக்குப் போன் எடுங்கள். எட்டுப் பத்துக்கு எடுத்தால் எல்லா இடமும் போய்விட்டது என்பார்கள், அதைப் பற்றி அன்றிரவு ஒரு குறிப்பு எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், செவ்வாய் எட்டுக்கு மறுபடி எடுங்கள். பரிசோதனைக்குத் திகதி கிடைத்ததும் எனக்கு எழுதிப் போடுங்கள். திகதி மட்டும் போதும்.