தாமதம் யார் கணக்கில்?

அன்புள்ள ஐயா,
நான் எம்பிஏ மாணவன். விமான நிறுவனங்களின் போட்டித்திறன் பற்றி புராஜெக்ட் செய்கிறேன். தொழிற்சங்கம் வலுவாக இருந்தால் நிறுவனம் நொடித்துவிடும் என்று வகுப்பில் பேசிக்கொள்கிறோம். சம்பளத்தைக் குறைக்காமல் போட்டியில் நிற்க முடியுமா? எந்த நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம்?
பி.

அன்புள்ள பி.,

விமானம் தாமதமானால் பழி யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் வகுப்பில் பேசுவதற்கு முன் யாராவது ஒருவர் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா? அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்டின் ஊழியர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சங்கத்தில் இருப்பவர்கள். 1973 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்த நிறுவனம் நஷ்டம் காட்டவில்லை. மாறாக, இன்னொரு அமெரிக்க விமான நிறுவனமான கான்டினென்டலை அதன் தலைவர் ஃபிராங்க் லொரென்சோ 1983இல் திவால் மனுவுக்குள் கொண்டுபோய், சங்க ஒப்பந்தங்களை உதறி, சம்பளத்தை ஏறக்குறைய பாதியாக வெட்டினார். 1990இல் கான்டினென்டல் மறுபடி திவால். லொரென்சோ வாங்கிய ஈஸ்டர்ன் விமான நிறுவனம், 1989 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எழவே இல்லை. 1991 ஜனவரியில் மூடினார்கள். இந்த வீழ்ச்சிகளுக்கு எண்ணெய் விலை, கடன் என்று வேறு காரணங்களும் உண்டு. அதற்குள் இப்போது போகவில்லை.

தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. ஒரு நாளில் ஏழு முறை இறங்கிக் கிளம்பும் விமானம், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் மிச்சம் பிடித்தால் 140 நிமிடம். ஒரு மணி நேரப் பயணம் ஒன்று கூடுதலாகக் கிடைத்துவிடும். 1972இல் சவுத்வெஸ்ட், பணமுடையில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, பத்தே நிமிடத்தில் விமானத்தைத் திருப்பியனுப்பி அதே அட்டவணையை மூன்றை வைத்து ஓட்டியது.

அந்த நிமிடங்கள் எங்கே தொலைகின்றன என்று பாருங்கள். கேட்டில் கடைசி நேரத்தில் பத்துக் கைப்பெட்டிகளைப் பிடுங்கிக் கீழே அனுப்புகிறார்கள். பெட்டி ஏற்றும் லோடர், மூடிய சரக்கறைக் கதவைத் திரும்பத் திறக்கிறார். விமானத்தின் எடைக் கணக்கான லோட் ஷீட்டைத் திருத்த வேண்டும். அது விமானி கைக்கு வராமல் புஷ்பேக், அதாவது விமானத்தைப் பின்னால் தள்ளிக் கிளப்புவது, வழக்கமாக இல்லை. பன்னிரண்டு நிமிடம் போயிற்று. தாமதத்துக்குக் காரணம் குறிக்க டிலே கோடு என்று ஓர் எண் போடுவார்கள். 32 போட்டால் லோடிங் பிரிவு மாட்டும். 15 போட்டால் பயணிகளை ஏற்றும் போர்டிங் பிரிவு. மேலதிகாரி 'யார்?' என்று மட்டும் கேட்பவராக இருந்தால், கேட்காரர் பெட்டி வருகிறது என்று முன்கூட்டியே கீழே சொல்லவே மாட்டார். சொன்னால் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. அடுத்த விமானத்திலும் அதே பன்னிரண்டு நிமிடம் போகும்.

1990களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒவ்வொரு தாமதத்தையும் ஏதோ ஒரு பிரிவின் தலையில் எழுதியது. சவுத்வெஸ்ட் 'டீம் டிலே' என்று எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஒரு டிலே கோடு வைத்தது. ஒவ்வொரு விமானத்துக்கும், எல்லாப் பிரிவுகளையும் ஒருங்கிணைக்கத் தனியாக ஓர் ஆபரேஷன்ஸ் ஏஜென்ட். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு சூப்பர்வைசர், அவரும் பெட்டி தூக்குவார். தலைகளை மட்டும் எண்ணினால் இது வீண்செலவாகத் தெரியும். இதைத்தான் மேனேஜ்மென்ட் என்கிறேன். உங்கள் பாடத்தில் இது எங்கே வருகிறது? 1995இல் கான்டினென்டலின் தலைமை நிர்வாகி கோர்டன் பெத்யூன் செய்ததும் இந்த வழிதான். நேரந்தவறாமைப் பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் வரும் மாதத்தில் ஊழியர் எல்லோருக்கும் 65 டாலர். இந்தப் பிரிவு, அந்தப் பிரிவு என்ற பேச்சே இல்லை.

சம்பளப் பட்டியலைக் கொஞ்சம் மூடி வையுங்கள், பி. ஏதாவது ஒரு விமான நிலையத்தின் ஒரு மாத டிலே கோடு பதிவு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 93 என்று நிறைய இருக்கும். முந்தைய பயணம் தாமதம் என்று பொருள், மூலகாரணம் அதில் தெரியாது. அதைத் தள்ளிவிட்டு, இரவு அங்கேயே நின்று காலையில் முதலில் கிளம்பும் விமானங்களை மட்டும் எடுங்கள். அவற்றுக்கு முந்தைய பயணத்தின் மேல் பழி போட முடியாது.