வீட்டுப் பட்டறையில் எதை எங்கே வைப்பது: கேள்விகளும் பதில்களும்

வேலை மேசை, அலமாரி, சுவர் அமைப்பு, ஜிக் (அறுக்கவும் துளையிடவும் வழிகாட்டும் துணைச்சட்டம்) பற்றிக் கேளுங்கள். எந்த மிஷின் வாங்கலாம் என்ற கேள்வி இன்று வேண்டாம்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, கார் ஷெட்டில் பத்துக்குப் பத்து அடி இடம் இருக்கிறது. முதலில் அலமாரியா, மேசையா?

மேசை. அதுகூட இல்லாமல் அலமாரியை எதன் மேல் வைத்துச் செய்வீர்கள்? நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்குங்கள். கை நிற்கும் அந்த உயரம் இழைப்புளி தள்ள வசதியானது. ரூட்டர், டிரில் என்று மிஷின் வேலையே அதிகம் என்றால் இன்னும் நாலு விரல் ஏற்றிக்கொள்ளலாம். மேசை முடிந்ததும் அலமாரிக்கு அவசரப்படாதீர்கள். உளி, மூலைமட்டம், பென்சில் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கட்டும். இரண்டு மூன்று வேலை முடிப்பதற்குள் கை எதை அடிக்கடி தேடுகிறது என்று தெரிந்துவிடும். அவற்றுக்குத்தான் மேசையிலிருந்து கை நீட்டும் தூரத்தில் இடம். மற்றவை தள்ளிப் போகலாம். மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை மட்டும் அந்தப் பெட்டியில் போடாதீர்கள், தீப்பிடிக்கலாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கோவையிலிருந்து: வீடியோ பார்த்து ஃப்ரெஞ்ச் கிளீட் போட்டேன். கிளாம்ப் எல்லாம் மாட்டியதும் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏன்?

தெரியாதவர்களுக்காக: ஒரு பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சரிவாக அறுத்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒன்றைச் சுவரில் அடிக்க வேண்டும், மற்றதைச் சாமானின் முதுகில். ஒன்றின் மேல் ஒன்று கொக்கியாக உட்காரும், நினைத்தபோது கழற்றி இடம் மாற்றலாம்.

நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே பெரும்பாலும் வீட்டுச் சுவருக்குள் மரச்சட்டம் நிற்கிறது. ஸ்க்ரூ அதில் நேரே இறங்கிவிடும். நம் சுவர் செங்கல், அதன் மேல் பூச்சு. 18 மி.மீ. பிளைவுட் பட்டையை 50 மி.மீ. ஸ்க்ரூவால் பிடித்தால் சுவருக்குள் போவது 32 மி.மீ. அதில் 15 மி.மீ. வரை பூச்சு தின்றுவிடும். செங்கலில் மிச்சம் 17 மி.மீ. கிளாம்ப் கனத்துக்கு அது எப்படித் தாங்கும்? 75 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூவுக்காகத் துளைக்குள் செருகும் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் முழுசாக உட்கார வேண்டும். துளையிலிருந்து செந்தூள் வருகிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறமாகவே வந்தால் நீங்கள் சிமென்ட் இணைப்பில் இருக்கிறீர்கள், இரண்டு விரல் தள்ளித் துளையிடுங்கள். வெள்ளை லைட்வெயிட் பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்றே வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

மதுரையிலிருந்து: அலமாரிக்கு எந்த பிளைவுட்?

உள்ளே வைப்பதற்கு சாதாரண 18 மி.மீ. போதும். மழைச்சாரல் படும் இடமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை.

புதுச்சேரியிலிருந்து: சார், கிளீட் சுவரே தவறான யோசனை. கடற்கரை ஊரில் உளியைத் திறந்த சுவரில் தொங்கவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு. கதவு போட்ட அலமாரிதான் சரி.

பாதி ஒத்துக்கொள்கிறேன். வெறும் ஈரத்தைவிட உப்புதான் பெரிய எதிரி. உப்புப் படிவு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் நீர்ப்படலமாக வைத்துக்கொள்ளும். கை வியர்வையும் அதே உப்புதான். ஆகவே உளி, இழைப்புளி, மூலைமட்டம் மூன்றும் கதவுக்குள். கிளாம்ப், கொட்டாப்புளி, ஜிக் எல்லாம் ஏன் உள்ளே போக வேண்டும்? எடுக்கக் கஷ்டமான இடத்தில் இருக்கும் கிளாம்பை யாரும் எடுப்பதில்லை, கையால் பிடித்துக்கொண்டே ஒட்டிவிடுகிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து: புதுச்சேரிக்காரர் சொல்வதே சரி. என் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிகிறது. துருவே கிடையாது.

அலமாரிக்குள் காற்று கொஞ்சம் சூடானால் அதன் ஈரப்பத விகிதம் குறையும், அதனால் துருவும் குறையும். ஆனாலும் மரப்பட்டறையில் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். மரத்தூள் எந்த இடுக்கிலும் புகும், சூடான பல்பின் மேலும் படியும். அதே அலமாரியில் யாராவது எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால்? ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடு கக்கும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறிக்கொண்டு போய், தீக்குச்சி இல்லாமலே பற்றும். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவைத்து, பிறகு தூக்கிப் போடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து, மறுபடியும்: பல்பு வேண்டாம், சரி. கதவு மட்டும் போட்டால் போதுமா?

போதாது. வேலை முடிந்ததும் இரும்பைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு. கதவு உதவுவது அதற்குப் பிறகுதான்.

சேலத்திலிருந்து: எந்த பிளைவுட் நல்லது அண்ணா?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

திருச்சியிலிருந்து: டேபிள் சாவுக்கு ஸ்லெட் செய்தேன். மூலைமட்டத்தில் 90 காட்டுகிறது, பெட்டி செய்தால் மூலை பொருந்தவில்லை.

நல்ல கேள்வி. தெரியாதவர்களுக்காக: டேபிள் சா என்பது மேசையில் பொருத்திய வட்ட ரம்பம், ஸ்லெட் என்பது அதன் மேல் மரத்தை வைத்துத் தள்ளும் பலகை, ஃபென்ஸ் என்பது அந்தப் பலகையில் மரத்தை அணைக்கும் கட்டை. சின்ன மூலைமட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பிழை தெரியாது. ஒரு சதுரப் பலகையை எடுத்து ஒரு விளிம்பை அறுங்கள். அறுத்த விளிம்பை ஃபென்ஸில் அணைத்துத் திருப்பி அடுத்ததை அறுங்கள். இப்படி நாலு பக்கமும் முடிந்தபின் ஐந்தாவதாக முதல் விளிம்பிலிருந்தே ஒரு பட்டை அறுங்கள். அந்தப் பட்டையின் இரு முனை அகலத்தையும் கேலிப்பரில் அளந்து, வித்தியாசத்தை நாலால் வகுங்கள். பட்டை 400 மி.மீ. நீளம், வித்தியாசம் 0.8 மி.மீ. என்றால், 400 மி.மீ.க்கு 0.2 மி.மீ. கோணல். ஒவ்வொரு திருப்பலிலும் பிழை சேர்ந்து நாலு மடங்காகி வருவதால்தான் கண்ணுக்கு அகப்படுகிறது. ஃபென்ஸின் ஒரு முனையில் ஒற்றை ஸ்க்ரூவை அச்சாக விட்டு, மறு முனையை அந்த விகிதத்தில் நகர்த்திப் பிடித்து, மறுபடி ஐந்து அறுப்பு. இது முடியாமல் ஸ்லெட்டுக்குப் பசை போடாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: நான்கடி அகல ஷெல்ஃப் நடுவில் தொய்கிறது.

தடிமன் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும். அதைவிடச் செலவு குறைந்த வழி, முன் விளிம்பில் இரண்டு அங்குல மரச்சட்டத்தை நிமிர்த்தி ஒட்டுவது. அல்லது நடுவில் ஒரு தாங்கல்.

வேலூரிலிருந்து: டேபிள் சா எது வாங்கலாம்?

இன்று மிஷின் இல்லை. ஆனால் எதை வாங்கினாலும் என்95 மாஸ்க்கும் வாங்குங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

காரைக்குடியிலிருந்து: ஐயா, நான் தரையில் உட்கார்ந்தே வேலை செய்கிறேன். எனக்கு இந்தச் சுவர் அமைப்பெல்லாம் எதற்கு?

அந்த உயரத்தில் வேண்டாம்தான். நம் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகக் காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது, மேசை இல்லை என்று குறைபட வேண்டியதில்லை. உட்கார்ந்த நிலையில் தோள் உயரம்தான் உங்களுக்கு உச்சவரம்பு. கிளீட்டை அதற்குக் கீழே இரண்டு வரிசை அடியுங்கள். வலப்பக்கம் மூடியுள்ள தாழ்வான பெட்டி ஒன்று, உளிகள் படுத்த நிலையில், முனை ஒரே பக்கம் பார்த்து. பெட்டியைத் தரையில் நேராக வைக்காமல் அடியில் இரண்டு கட்டை கொடுங்கள். கரையானும் தரை ஈரமும் அடியிலிருந்துதான் வரும்.

கடலூரிலிருந்து: பிளைவுட்...

மதுரை.

புதுச்சேரியிலிருந்து: கடைசியாக ஒன்று. அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைக்கலாமா?

கதவு இடுக்கில்லாமல் மூடுமென்றால் வையுங்கள். இல்லையென்றால் ஊர் ஈரத்தையெல்லாம் குடித்து இரண்டு நாளில் நிரம்பிவிடும். நீல மணி ரோஸ் நிறமானால் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். கோபால்ட் இல்லாத ஆரஞ்சு வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.