விளையாடியே முதலுதவி: பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டுப் போடுவதை ரிலே பந்தயமாக வைத்தேன். உற்சாகமாக ஓடினார்கள். ஆனால் கட்டெல்லாம் தொளதொளவென்று கிடந்தது. எங்கே தவறு?

பதில்: பரிசு வேகத்துக்குப் போனதுதான் தவறு. முதலில் வந்தவர் ஜெயித்தார் என்றால் பிள்ளைகள் பழகுவது ஓட்டத்தை. கட்டு பேருக்குச் சுற்றப்படும். ஓட்டம் இருக்கட்டும், மதிப்பெண்ணை மட்டும் மாற்றுங்கள். கோட்டின் முடிவில் இரண்டு பிள்ளைகளைச் சோதிப்பவர்களாக நிறுத்துங்கள். அவர்கள் பார்க்க வேண்டியவை: கட்டுக்குள் ஒரு விரல் நுழைகிறதா? கையை ஆட்டினால் நழுவுகிறதா? நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்புகிறதா? திரும்பவில்லை என்றால் கட்டு இறுக்கம்; அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும். இந்தச் சோதனைதான் பாடம். சுற்றும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் மூன்றில் இரண்டு பங்கை மூட வேண்டும்.

இதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டே வேண்டாம். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கத் தெரிந்தால் போதும். இடையிடையே தூக்கிப் பார்ப்பதுதான் அவர்கள் செய்யும் பிழை. அதனால் எடுத்துப் பார்த்தவர் ஆட்டத்திலிருந்து வெளியே என்று விதி வையுங்கள்.

கேள்வி: தீக்காயத்துக்கு 20 நிமிடம் தண்ணீர் விட வேண்டும் என்கிறோம். பிள்ளைகளுக்கு 20 நிமிடம் என்றால் எவ்வளவு என்றே புரிவதில்லையே?

பதில்: புரியாததால்தான் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு ஏற்றது குவளை வரிசை. இரண்டு வாளி, நான்கைந்து குவளை. ஒரு பிள்ளை காலி வாளியின் மேல் கையை நீட்டியிருக்க, மற்றவர்கள் நிறைந்த வாளியிலிருந்து மொண்டு, கைமாற்றி, கையின் மேல் மெல்ல ஊற்ற வேண்டும். ஒழுக்கு அறுபடக் கூடாது; அறுந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து. வாளி காலியானால் இடம் மாற்றிக்கொள்ளலாம், தண்ணீர் வீணாகாது. கை நீட்டுபவரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆட்டம் தொடங்கும்போதே வளையல், மோதிரத்தைக் கழற்றும் வேலையை ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். வீங்கிய பிறகு அவை கழலாது. பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் என்று எழுதிய அட்டைகளோடு நான்கு பேர் குறுக்கே வந்து "இதைப் போடு" என்று வற்புறுத்தட்டும். "வேண்டாம், தண்ணீர்தான்" என்று மறுக்கும் பழக்கமும் சேர்ந்து வரும். உண்மையில் வீட்டுப் பெரியவர்களிடமே அதைச் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி: மயங்கியவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பதைச் சிலை விளையாட்டில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. சிலை ஆனவர் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்திக்கொள்வார். மற்றவர் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் தலையை மெல்லப் பின்னே சாய்த்து, தாடையை உயர்த்தி, 10 விநாடி வரை மூச்சைப் பார்த்து, கேட்டு, கன்னத்தில் உணர வேண்டும். மூச்சு இருந்தால் திருப்பலாம். அருகிலுள்ள கையைச் செங்கோணமாக விரித்து, தூரத்துக் கையைக் கொண்டுவந்து அதன் புறங்கையைக் கன்னத்தோடு பிடித்து, தூரத்து முழங்காலை மடித்து, அந்த முழங்காலைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முழங்காலை விட்டுவிட்டுத் தோளை இழுப்பார்கள். அதனால் பாரம் தாங்காமல் திணறுவார்கள். முழங்காலை நெம்புகோலாகப் பிடித்தால் எட்டு வயதுப் பிள்ளை தன்னைவிடக் கனமானவரையும் திருப்பிவிடும். கடைசியில் மேல்காலைச் செங்கோணமாக வைத்துத் தலையைப் பின்னே சாய்க்க மறக்கக் கூடாது. காலை அப்படி வைக்காவிட்டால் உடல் குப்புறச் சரியும்.

கேள்வி: மூச்சு நின்றவரின் மார்பை அழுத்தும் பயிற்சியை எந்த வயதில் தொடங்கலாம்?

பதில்: பள்ளிகளில் 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணி நேரம் பயிற்சி என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரவு தெரிவித்தது. வயதைவிட உடல் எடையே முக்கியம்: பெரியவரின் மார்பை 5 முதல் 6 செ.மீ. அழுத்தச் சின்ன உடலுக்குப் பலம் போதாது. ஆனால் தாளத்தை முன்பே பழக்கலாம். கெட்டியான தலையணையைத் தரையில் வைத்து, முழங்கையை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். முப்பது எண்ணி முடிக்க 15 முதல் 18 விநாடி ஆனால் வேகம் சரி. தோழனின் மார்பில் ஒருபோதும் பழகக் கூடாது. மூச்சடைப்புக்கு வயிற்றை அழுத்துவதும் அப்படியே.

கேள்வி: ஆம்புலன்ஸ் அழைக்கும் விளையாட்டுக்குப் பழைய கைபேசி கொடுக்கலாமா?

பதில்: பொம்மை போன் போதும். பூட்டிய திரையிலிருந்தும் அவசர அழைப்பு போய்விடும். நீங்கள் மறுமுனையில் நின்று எங்கே, என்ன ஆயிற்று, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். "வீட்டில்" என்று மட்டும் சொன்னால் மறுபடி கேளுங்கள்; முகவரியும் பக்கத்து அடையாளமும் வரும்வரை விடாதீர்கள். நாம் சொல்லும்வரை பிள்ளை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது.

கேள்வி: நடிப்புக்குச் சிவப்புச் சாயம் பூசினால் சில பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள்.

பதில்: சாயத்தை விட்டுவிடுங்கள், சிவப்புத் துணிக்கீற்று போதும். அதோடு ஒரு நிறுத்தச் சொல் வேண்டும். "நிஜம்" என்று யாராவது கத்தினால் எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும், பெரியவர் ஓடிவர வேண்டும். விளையாட்டில் நிஜமாகவே அடிபட்ட பிள்ளையின் அழுகையை நடிப்பென்று மற்றவர்கள் எண்ணி நிற்பதை இது ஒன்றுதான் தடுக்கும். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் முன் அந்தச் சொல்லை ஒருமுறை எல்லோரையும் கத்தச் சொல்லுங்கள்.