ஜாஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அண்ணே, ஜாஸ கண்டுபிடிச்சது இவருதானாமே?

ப: அவரு அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. 1938ல ஒரு ரேடியோ ப்ரோக்ராம்ல ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டிதான் ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் மூலகர்த்தான்னு சொல்லிட்டாங்க, மனுஷனுக்கு வந்துச்சே கோவம், 1902லயே ஜாஸ உருவாக்கினது நான்தான்னு டவுன்பீட் பத்திரிகைக்கு நீளமா ஒரு லெட்டர் போட்டாரு. ஞானஸ்நானப் பதிவுப்படி பிறந்தது 1890, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. அவர் வாயால சொன்ன வருஷம் எதையும் அப்படியே நம்பிடாதீங்க.

கே: நிஜப் பேரு என்ன?

ப: ஃபெர்டினண்ட் லமோத். நியூ ஆர்லியன்ஸ் க்ரியோல் குடும்பம், அதாவது பிரெஞ்சும் ஆப்பிரிக்காவும் கலந்த வம்சம்.

கே: வாசிச்சது ராக்டைம்தானே, ஜாஸுக்கு முன்னாடி இருந்த அந்தப் பியானோ இசை, இத ஏன் ஜாஸ்ங்கறீங்க?

ப: இதுதான் கேள்வி! அதே 1938ல நாட்டுப்புற இசை சேகரிச்ச ஆலன் லோமாக்ஸ் இவர வாஷிங்டன்ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பியானோ முன்னாடி உக்கார வெச்சு பேச்சும் வாசிப்புமா மணிக்கணக்குல பதிவு பண்ணாரு, அதுல ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினோட மேப்பிள் லீஃப் ராக் உருப்படிய மொதல்ல ராக்டைம் வளந்த மிசூரி ஆளுங்க மாதிரி வெறப்பா வாசிப்பாரு, அப்புறம் தன் பாணில. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ரெண்டாவதுல தாளம் அப்படியே ஊஞ்சலாடும், எடது கை ட்ராம்போன் மாதிரி இழுக்கும். பியானோன்னா ஒரு முழு பேண்டு மாதிரி ஒலிக்கணும்ங்கறது அவர் கொள்கை. ஸ்பானிஷ் சாயல் இல்லாட்டி ஜாஸே இல்லம்பாரு, அதுக்கு தி க்ரேவ் கேளுங்க.

கே: அப்போ கண்டுபிடிச்சது இவரா, இவருக்கு முன்னாடி நியூ ஆர்லியன்ஸ்ல கார்னெட் ஊதின பட்டி போல்டனா?

ப: மறுபடியுமா! போல்டன் வாசிச்ச ஒரு ரெக்கார்டுகூட நம்ம கைல இல்ல, அப்புறம் எத வெச்சு சண்ட போடறது? ஒரு ஊரே சேந்து வளத்த இசைங்க அது.

கே: அதாவது மார்ட்டன் பொய்யர், அதானே?

ப: பீத்திக்கிட்டாரு, ஆனா சரக்கு இருந்துச்சு தம்பி. ஜெல்லி ரோல் ப்ளூஸ் நொட்டேஷனா அச்சுல வந்தது 1915, ஜாஸ்ல அச்சேறின மொதல் உருப்படிகள்ல ஒண்ணு. 1926ல சிகாகோல தன் பேண்டு ரெட் ஹாட் பெப்பர்ஸோட பண்ண பிளாக் பாட்டம் ஸ்டாம்ப் கேட்டுட்டு வந்து பொய்யர்னு சொல்லுங்க பாப்போம். எழுதி வெச்ச பகுதி எங்க முடியுது, சொந்தமா வாசிக்கறது எங்க ஆரம்பிக்குதுன்னு சட்டுனு புடிபடாது.

கே: காசு பாத்தாரா?

ப: எங்க? இவரோட கிங் போர்ட்டர் ஸ்டாம்ப் 1935ல பேண்டு தலைவர் பென்னி குட்மேனுக்கு ஹிட்டு, ராயல்டி வசூலிக்கற சங்கம் இவர சேத்துக்கிட்டது 1939ல. 1941 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ்ல போயிட்டாரு.

கே: ட்ரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங் பத்தி?

ப: அது வேற கடை.

கே: சார், ஜாஸ கண்டுபிடிச்சது…

ப: மேல போய் படிங்க சார்.