குட்டிப் பாம்பு இரண்டு முறை கக்கிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: என் மகள் வளர்க்கும் கார்ன் ஸ்னேக்குக்கு நான்கு மாதம் ஆகிறது. தின்ற எலிக்குஞ்சை மறுநாளே கக்கிவிட்டது. பசிக்குமே என்று மூன்றாம் நாள் இன்னொன்று கொடுத்தோம், அதையும் கக்கியது. 15 கிராம் இருந்தது, இப்போது 13. கழிவில் சுண்ணாம்பு போல வெள்ளையாக வருகிறது, போன மாதம் கண் மங்கியிருந்தது, தின்றதும் கொட்டாவி விடுகிறது. கிரிப்டோ என்ற தீராத நோயாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வீட்டில் இருக்கும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? மூன்று வயதில் ஒரு பையனும் இருக்கிறான்.
– வாசகி, டொராண்டோ

பதில்: இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு அதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். உங்கள் பாம்பு பட்டினியால் சாகாது. கக்கிக் கக்கித்தான் சாகும்.

ஒருமுறை கக்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் இரையோடு சேர்ந்து வயிற்றின் அமிலமும் உடலின் நீரும் உப்புகளும் வெளியேறிவிடுகின்றன, உணவுக்குழாயும் புண்ணாகிறது. இதெல்லாம் சரியாவதற்கு 10 முதல் 14 நாள் வேண்டும். அதற்குள் இன்னொரு குஞ்சைக் கொடுத்தால் அதைச் செரிக்க வயிற்றில் எதுவும் இருக்காது. அதுவும் வெளியே வரும், குட்டி இன்னும் இளைக்கும். பாசத்தால் மூன்றாம் நாளே கொடுத்துவிட்டீர்கள், புரிகிறது. ஆனால் எங்களிடம் வரும் குட்டிகளில் பல இந்தச் சுழலில்தான் நலிந்து போகின்றன.

சரி, முதல்முறை ஏன் கக்கியது? இவ்வளவு எழுதிய நீங்கள் கூண்டின் வெப்பத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் முதலில் கேட்பதே அதுதான். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வயிறு வேலை செய்யும் அளவுக்கு உடல் சூடேறவில்லை என்றால், விழுங்கிய எலி செரிப்பதற்குள் உள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதை வெளியே தள்ளிவிடும். அறை 21 டிகிரி இருப்பது உங்களுக்குப் போதும், அதற்குப் போதாது. கூண்டின் ஒரு பக்கத் தரை 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும், மறுபக்கம் 23, 24 போதும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள். பாம்பு படுக்கும் இடத்திலேயே சென்சாரை வைத்துப் பாருங்கள், கூண்டுக்குச் சூடு தரும் ஹீட் மேட்டுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் அது சூட்டை விட்டுவிட்டுக் குளிர்ந்த பக்கத்திலேயே ஒளிந்து கிடக்கும். அப்புறம், தின்றபின் 48 மணி நேரம் மகள் அதைக் கையில் எடுக்கவே கூடாது.

இரண்டு வாரம் கழித்து, வழக்கமானதில் பாதி அளவுள்ள ஒரே ஒரு குஞ்சு. அதையும் முழுக்க உறைநிலை போக்கி, வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். அது தங்கிவிட்டால் அடுத்தது பத்து நாள் கழித்து. பழைய அளவுக்கு அவசரமில்லாமல் திரும்புங்கள். தின்ன மறுத்தால் வாயைத் திறந்து திணிக்காதீர்கள்.

வெள்ளைச் சுண்ணாம்பு அதன் சிறுநீர்தான். யூரிக் அமிலம் கெட்டியாக வெளியேறுகிறது. கண் மங்கியது சட்டை உரிக்கப் போவதால். கொட்டாவி, விழுங்கும்போது விலகிய தாடையைச் சரிசெய்துகொள்வது. மூன்றையும் மறந்துவிடுங்கள்.

கிரிப்டோ, அதாவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக் கிருமியால் வரும் வயிற்று நோய், இருக்கிறதுதான். நம்பகமான மருந்து இல்லாத நோய் என்பதும் உண்மை. ஆனால் சூடும் ஓய்வும் சரியாகக் கிடைத்த பிறகும் கக்கினால்தான் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அதாவது, மூன்றாவது முறை கக்கினால் வீட்டு வைத்தியத்துக்கு இனி இடமில்லை. எடை 12 கிராமுக்கு இறங்கினாலும், வெறும் வயிற்றிலேயே உடலின் நடுவில் ஒரு வீக்கம் அப்படியே நின்றாலும் காத்திருக்காதீர்கள். கக்கியதையும் கழிவையும் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள். ஒருமுறை இல்லை என்று வந்தால் அதோடு விடக் கூடாது. கிருமி எப்போதும் வெளியேறிக்கொண்டிருப்பதில்லை என்பதால், மறுசோதனை கேளுங்கள்.

மெட்ரோனிடசோலைத் தொடாதீர்கள். அது கிரிப்டோவைக் குணப்படுத்தாது. 13 கிராம் உயிருக்கு அதன் அளவு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. மனிதர் மாத்திரையைக் கத்தியால் நசுக்கி அந்த அளவை எடுக்க யாராலும் முடியாது. கூடினால் நரம்பைத் தாக்கும், பாம்பு தலையை நிமிர்த்த முடியாமல் புரளும். எந்தப் பாம்பு என்றே பார்க்காமல் மருந்து சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பையனைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதை முதலில் கேட்டிருப்பேன். பாம்பின் கிரிப்டோ அவனுக்கு வராது, சால்மோனெல்லா வரலாம். நலமாக இருக்கும் பாம்பிலும் அந்தக் கிருமி இருக்கலாம். ஐந்து வயது ஆகும்வரை அவன் பாம்பையோ உறைந்த எலியையோ கூண்டையோ தொட வேண்டாம். மகள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. எடை பார்ப்பது சமையலறைத் தராசில் என்றால், பாம்புக்கென்று தனியாக ஒன்று இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.