ஒரு வரி மூலம், ஐந்நூறு ஆண்டு உரை: அரபு இலக்கணம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அரபு இலக்கணத்தின் மூல நூலை எழுதியவர் பாரசீகர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பஸ்ராவில் கல்வி கற்ற ஸீபவைஹி பாரசீகர். 796 வாக்கில், முதுமையை எட்டாமலே இறந்துபோனார். நூலுக்கு அவர் பெயர் வைக்கவில்லை, முன்னுரையும் எழுதவில்லை. அதனால் அது ‘அல்-கிதாப்’, அதாவது ‘நூல்’ என்றே நிலைத்துவிட்டது. ‘அவரிடம் கேட்டேன், சொன்னார்’ என்று பெயரில்லாமல் வரும் இடங்களில் அந்த ‘அவர்’ ஸீபவைஹியின் ஆசிரியர் கலீல் இப்னு அஹ்மத் என்பது உரைகாரர்கள் மரபு. நஹ்வின், அதாவது அரபு இலக்கணத்தின், முதல் பெருநூலிலேயே பாடம் கேட்கும் குரல் ஒலிக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: குளவியால் தோற்றவர் அவர்தானா?

அவர்தான். பாக்தாதில், பஸ்ராவுக்குப் போட்டியான கூஃபா இலக்கண மரபின் தலைவர் கிஸாயீயோடு நடந்த வாதம் அது. ‘குளவியைவிடத் தேள்தான் கடுமையாகக் கொட்டும் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இதுவும் அதுவே’ என்னும் வாக்கியத்தில் கடைசிச் சொல் எழுவாய் வடிவில் வர வேண்டுமா, செயப்படுபொருள் வடிவில் வரலாமா என்பது கேள்வி. எழுவாய் வடிவம் மட்டுமே சரி என்றார் ஸீபவைஹி. சாட்சிக்கு அழைக்கப்பட்ட பாலைவன அரபிகள் கிஸாயீயின் பக்கம் பேசினார்கள். அவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்றும் ஒரு கதை உண்டு.

கேள்வி: இப்னு மாலிக்கின் இலக்கணப் பாடல் நூலான அல்ஃபிய்யாவுக்கு ஏன் இத்தனை உரைகள்? புரியும்படி எழுதியிருந்தால் உரையே தேவைப்பட்டிருக்காதே?

அது புரியவைக்க எழுதிய நூல் அல்ல, மனப்பாடம் செய்ய எழுதிய நூல். அந்தலூசின், அதாவது முஸ்லிம் ஸ்பெயினின், ஜயானில் பிறந்து 1274இல் டமாஸ்கஸில் இறந்த இப்னு மாலிக், இலக்கணம் முழுவதையும் ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் அடக்கினார். பாடலை மாணவன் நெஞ்சில் சுமப்பான். பொருளை ஆசிரியர் வாயால் சொல்வார். அந்த வாய்ச்சொல் ஏட்டில் ஏறியபோதுதான் உரை பிறந்தது.

ஒரே ஒரு வரியைப் பாருங்கள். ‘நம் கலாம் என்பது பொருள் தரும் சொல், இஸ்தகிம் போல’. கலாம் என்றால் பேச்சு, இலக்கணத்தில் வாக்கியம். இஸ்தகிம் என்றால் ‘நேராக நில்’. ‘நம்’ எதற்கு? அகராதிக்காரர்களின் கலாம் வேறு, நஹ்வுக்காரர்களின் கலாம் வேறு என்று பிரிப்பதற்காக. வாக்கியத்துக்கு எடுத்துக்காட்டாக ஏன் ஒற்றைச் சொல்லைக் கொடுத்தார்? அது தோற்றத்தில்தான் ஒற்றைச் சொல். ‘நீ’ என்ற எழுவாய் ஏவல்வினைக்குள் மறைந்திருக்கிறது. நாம் ‘வா’ என்று சொன்னால் அதில் ‘நீ’ இருப்பதுபோல. ஆக, வாக்கியத்துக்கு இரண்டு உறுப்பாவது வேண்டும், கேட்டவன் அதோடு நிறைவடைய வேண்டும் என்ற இரண்டு விதிகளும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறவர் 1367இல் கெய்ரோவில் இறந்த இப்னு அகீல். இலக்கணத்தில் சுருக்கம் இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

கேள்வி: பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் படத்தைப் பார்த்தேன். மூலம் எது, உரை எது என்றே தெரியவில்லை.

முதலில் சிவப்பைத் தேடுங்கள். பல பிரதிகளில் மத்ன், அதாவது மூலம், சிவப்பு மையில் இருக்கும். அல்லது அதன் தலைக்கு மேல் சிவப்புக் கோடு ஓடும். சுற்றியுள்ள கறுப்பு எழுத்து ஷரஹ், அதாவது உரை. சில பிரதிகளில் மீம் எழுத்து மத்னையும் ஷீன் எழுத்து ஷரஹையும் குறிக்கும். ஓரத்தில் சாய்ந்தும் தலைகீழாகவும் ஏறியிருப்பது ஹாஷியா, உரைக்கு உரை. அது ‘கவ்லுஹு’, ‘அவர் கூற்று’ என்று தொடங்கி, உரையின் ஓரிரு சொற்களை எடுத்துக்கொண்டு பேசும். மேற்கோள் முடியும் இடத்தில் அலிஃப், ஹா என இரண்டே எழுத்துகள் நிற்கும். ‘முடிந்தது’ என்பதன் சுருக்கம்.

ஓரத்தில் ‘ஸஹ்ஹ’ என்றிருந்தால், எழுத்தர் விட்டுப்போன சொல்லைப் பிறகு சேர்த்து ‘இது சரி’ என்று உறுதி சொல்கிறார். ‘பலஃக’ என்றிருந்தால், மூலப் பிரதியோடு ஒப்பிட்டோ ஆசிரியர் முன் வாசித்தோ இதுவரை வந்தாயிற்று என்று பொருள். அந்தக் குறியைக் காணும்போதெல்லாம், அன்றைய பாடம் முடிந்து யாரோ ஏட்டை மூடியது தெரிவதுபோல் இருக்கும்.

கேள்வி: உரைக்கு உரை எழுதியதெல்லாம் சரக்கு தீர்ந்த காலத்து வேலை இல்லையா?

இல்லை. இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். இப்னு மாலிக்குக்கு 15ஆம் நூற்றாண்டில் உஷ்மூனீ உரை எழுதினார். அந்த உரைக்கு, 1792இல் இறந்த ஸப்பான் ஹாஷியா எழுதினார். ஐந்நூறு ஆண்டுகள் தாண்டியும் ஒருவர் முந்தையவரை மடக்கிக் கேட்கிறார், இன்னொருவர் விடை தேடித் தருகிறார். ‘இப்படி ஆட்சேபிக்கப்பட்டால், விடை இது’ என்னும் நடை பக்கத்துக்குப் பக்கம் வரும். புதுக் கருத்து அங்கே தலைப்பு போட்டுக்கொண்டு வருவதில்லை. ஓரத்தில் நாலு வரியாக ஒதுங்கியிருக்கும். பொறுமையாகத் தேட வேண்டும்.

கேள்வி: மதரஸாவில் ஓதும் ‘ஷரஹ் ஜாமீ’யும் இந்த வரிசையா?

ஆம். ஹெராத்தில் 1492இல் இறந்த கவிஞர் ஜாமீ, இப்னுல் ஹாஜிபின் காஃபியா என்னும் இலக்கண நூலுக்குத் தம் மகன் ளியாவுத்தீனுக்காக எழுதிய உரை அது.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

1323இல் ஃபெஸ் நகரில் இறந்த இப்னு ஆஜுர்ரூமின் ஆஜுர்ரூமிய்யா என்னும் சிறு இலக்கண நூலில். சில பக்கங்கள்தான். உரையில்லாமல் ஒருமுறை வாசித்து, புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு உரையைத் திறந்தால், உங்கள் கோடுகள் விழுந்த அதே இடங்களில் உரைகாரரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்.